கழுவினாலும் போகாத புரதம்: இரத்தப் பரிசோதனை முடிவு எவ்வாறு பிறக்கிறது?



சில மாதங்களுக்கு முன் எங்கள் புறநோயாளர் பிரிவுக்கு முப்பத்தெட்டு வயதுச் சகோதரி ஒருவர் தம் கணவருடன் வந்திருந்தார். வெளியில் ஓர் ஆய்வகத்தில் எடுத்த தைராய்டு பரிசோதனை அறிக்கை அவர் கையில் இருந்தது. அதில் டி.எஸ்.எச். அளவு மிகவும் தாழ்ந்தும், ஃப்ரீ டி4 அளவு மிகவும் உயர்ந்தும் காணப்பட்டன. இவ்விரண்டும் சேர்ந்து வந்தால், தைராய்டு சுரப்பி மிகையாகச் சுரக்கிறது என்றே எந்த மருத்துவரும் எண்ணுவார். அதற்கான மாத்திரையும் அவருக்கு எழுதித் தரப்பட்டிருந்தது. அதைத் தொடங்குமுன் இன்னொரு மருத்துவரின் கருத்தையும் கேட்டுவிடலாம் என்று வந்திருந்தனர்.

அவரைப் பரிசோதித்தபோது எங்களுக்கு ஐயம் எழுந்தது. நாடித்துடிப்பு நிமிடத்திற்கு 74. கைகளில் நடுக்கம் இல்லை. எடை குறையவில்லை. படபடப்போ மிகுந்த வியர்வையோ இல்லை. கழுத்தில் வீக்கமும் இல்லை. அறிக்கை ஒரு நோயைச் சொல்ல, உடல் அதை மறுத்தது.

வேறு ஏதேனும் மருந்து உட்கொள்கிறீர்களா என்று கேட்டோம். “எதுவும் இல்லை, டாக்டர்” என்றார். அருகிலிருந்த கணவர், “முடி கொட்டுகிறது என்று தினமும் ஒரு மாத்திரை போட்டுக்கொள்கிறாயே, அதையும் சொல்” என்றார். “அது மருந்து இல்லையே, வைட்டமின்தானே?” என்றார் அந்தச் சகோதரி. அந்தப் புட்டியைப் படமெடுத்து வைத்திருந்தார். அதில் ‘பயோட்டின் 10 மில்லிகிராம்’ என்று அச்சிட்டிருந்தது.

அம்மாத்திரையை நிறுத்தச் சொல்லி, சில நாட்கள் கழித்து மீண்டும் இரத்தம் எடுத்தோம். டி.எஸ்.எச்., ஃப்ரீ டி4 இரண்டும் இயல்பான அளவில் இருந்தன. அவருக்குத் தைராய்டு நோயே இல்லை.

முடிக்காக உண்ட ஒரு மாத்திரை, இல்லாத நோயை எவ்வாறு அறிக்கையில் ஏற்றியது? ஆய்வகத்தில் எவரும் தவறு செய்யவில்லை; கருவியும் பழுதாகவில்லை. புரதங்களை ஒரு திடப் பரப்பின்மேல் நிலைநிறுத்தும் முறையில்தான் விடை இருக்கிறது. இந்த இதழில் அதனைப் படிப்படியாக விளக்க முற்படுகிறோம். இம்முறையை ஓரளவு அறிந்துகொண்டால், பரிசோதனைக்கு முன் எங்களிடம் எதைச் சொல்ல வேண்டும், அறிக்கை வந்தபின் எதற்கு அஞ்ச வேண்டும், எதற்கு அஞ்ச வேண்டாம் என்பவை தாமே விளங்கும்.

ஏன் ஒட்டவைக்க வேண்டும்?

நம் இரத்தத்தின் திரவப் பகுதியில் ஒரு லிட்டருக்கு ஏறத்தாழ 60 முதல் 80 கிராம் புரதம் கரைந்திருக்கிறது. அதில் டி.எஸ்.எச். என்னும் இயக்குநீர், நலமாக உள்ள ஒருவரிடம், பெரும்பாலும் ஒரு லிட்டருக்கு ஒரு மைக்ரோகிராமுக்கும் குறைவாகவே உள்ளது. ஒரு கிராமைப் பத்து லட்சம் பங்காகப் பிரித்தால் அதில் ஒரு பங்கே மைக்ரோகிராம். அரிசி மூட்டையில் விழுந்த ஒரு கடுகைத் தேடுவதைக் காட்டிலும் கடினமான வேலை இது.

தேடுவதற்கு இயற்கையே ஒரு கருவியை அளித்துள்ளது. அதுவே ஆன்டிபாடி எனப்படும் எதிர்ப்பொருள். அது ‘ஒய்’ என்ற ஆங்கில எழுத்தின் வடிவில், இரு கைகளும் ஒரு தண்டும் கொண்ட புரதம். தனக்குரிய பொருளை மட்டும் கைகளால் இறுகப் பற்றும். மற்றவற்றைப் பெரும்பாலும் விட்டுவிடும். எதிர்ப்பொருளால் பற்றப்படும் பொருளை ஆன்டிஜென் என்கிறோம்.

பற்றினால் மட்டும் போதாது. பற்றப்பட்டதையும் பற்றப்படாததையும் பிரித்தால்தான் அளக்க முடியும். நியூயார்க் நகரின் பிராங்க்ஸ் பகுதியில், முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவமனையில் பணியாற்றிய ரோசலின் யாலோவும் சாலமன் பெர்சனும் இச்சிக்கலை முதலில் எதிர்கொண்டனர். கதிரியக்க அயோடின் ஏற்றிய இன்சுலினைப் பயன்படுத்தி, இரத்தத்தில் உள்ள இன்சுலினை அளக்கும் முறையை 1960-இல் அவர்கள் விரிவாக வெளியிட்டனர். எதிர்ப்பொருளோடு சேர்ந்த இன்சுலின் காகிதத்தில் நகர்ந்து செல்லும். சேராத இன்சுலின் காகிதத்திலேயே ஒட்டி நின்றுவிடும். இவ்வாறு இரண்டையும் பிரித்தனர். பெர்சன் 1972-இல் காலமானார். யாலோவுக்கு 1977-இல் நோபல் பரிசு கிட்டியது.

அவர்களது முறை சிறந்ததேயாயினும், பிரித்தெடுக்கும் வேலை நீண்டது. 1967-இல் ஆஸ்திரேலியாவில் கெவின் கேட், ஜெஃப்ரி ட்ரெகியர் ஆகிய இருவரும் எளிய வழியொன்றைக் காட்டினர். எதிர்ப்பொருளை முன்கூட்டியே நெகிழிக் குழாயின் உட்சுவரில் ஒட்டவைத்துவிட்டால், அது பற்றிய பொருளும் சுவரோடு நின்றுவிடும். மற்றவற்றைக் கவிழ்த்துக் கழுவிவிடலாம். பிரிக்கும் வேலை முழுவதும் கழுவும் வேலையாகிவிட்டது.

1971-இல் சுவீடனில் ஈவா எங்வால், பீட்டர் பெர்ல்மன் ஆகியோரும், நெதர்லாந்தில் வான் வீமன், சூர்ஸ் ஆகியோரும் கதிரியக்கப் பொருளை நீக்கி, நிறம் உண்டாக்கும் நொதியை அதன் இடத்தில் வைத்தனர். சுவீடன் நாட்டினர் தம் முறைக்கு இட்ட பெயரே ‘எலிசா’. உங்கள் அறிக்கைகளில் இச்சொல்லைப் பலமுறை பார்த்திருப்பீர்கள்.

புரதம் எவ்வாறு பரப்பைப் பற்றுகிறது?

பால் காய்ச்சிய பாத்திரத்தின் அடியில் ஒரு மெல்லிய ஏடு பிடிப்பதையும், தண்ணீர் ஊற்றி அலசினாலும் அது போகாததையும் எல்லோரும் அறிவோம். சூடேறியதும் பாலிலுள்ள புரதம் தன் மடிப்புகளை அவிழ்த்து உலோகத்தைப் பற்றிக்கொள்கிறது. ஆய்வகத்தில் சூடு இல்லாமலேயே ஏறத்தாழ இத்தகைய செயல் நடைபெறுகிறது.

எலிசா தட்டு, குழிப்பணியாரச் சட்டியைப் போன்றது. உள்ளங்கை அளவுள்ள தட்டில் 8 வரிசையும் 12 பத்தியுமாக 96 சிறு குழிகள் இருக்கும். பாலிஸ்டைரீன் என்னும் தெளிந்த நெகிழியால் அது செய்யப்பட்டது. இந்த நெகிழி, எண்ணெயைப் போலத் தண்ணீரை விரும்பாதது. புரதமோ நீரை விரும்பும் பகுதிகளை வெளியேயும், விரும்பாத பகுதிகளைப் பெரும்பாலும் உள்ளேயும் வைத்து மடிந்திருக்கும். நெகிழிப் பரப்பை நெருங்கியதும் நீரை விரும்பாத பகுதிகள் அதனோடு சேர்ந்துகொள்கின்றன. ஒரு புரத மூலக்கூறு பல இடங்களில் ஒரே நேரத்தில் தொட்டுக்கொள்வதால், ஒரு பிடி தளர்ந்தாலும் மற்ற பிடிகள் காக்கின்றன. ஆகவேதான் கழுவினாலும் அது எளிதில் போவதில்லை.

செய்முறை எளியதே. சற்றே காரத்தன்மை கொண்ட, பி.எச். 9.6 அளவுள்ள கார்பனேட் கரைசலில் புரதத்தைக் கரைப்பர். பொதுவாக ஒரு மில்லிலிட்டருக்கு 1 முதல் 10 மைக்ரோகிராம் வரை போதும். ஒவ்வொரு குழியிலும் ஏறத்தாழ 100 மைக்ரோலிட்டர், அதாவது ஒரு மில்லிலிட்டரில் பத்தில் ஒரு பங்கு இட்டு, 4 டிகிரி குளிரில் ஓர் இரவு வைப்பர். மறுநாள் கவிழ்த்துக் கழுவும்போது, கண்ணுக்குத் தெரியாத ஒரு மெல்லிய புரதப் படலம் குழியில் தங்கியிருக்கும்.

மிகுதியாக இட்டால் நல்லதுதானே என்று தோன்றலாம். அவ்வாறன்று. புரதம் மிகுந்தால் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொள்ளும். மேலடுக்கில் உள்ளவை பரப்பைப் பற்றாமல், கழுவும்போதோ பரிசோதனையின் இடையிலோ பிரிந்துபோகும். நெருக்கடியில் நிற்பவை கைகளை நீட்டவும் இடமிராது. குறைந்தாலும் கேடு, மிகுந்தாலும் கேடு; சரியான அளவை ஒவ்வொரு பரிசோதனைக்கும் தனித்தனியே ஆய்ந்துதான் முடிவு செய்கிறார்கள்.

ஒட்டுவதில் உள்ள இரு குறைகள்

முதற்குறை, வெற்றிடம். புரதம் ஒட்டிய பின்னும் பரப்பில் ஆங்காங்கே இடைவெளிகள் இருக்கும். அப்படியே நோயாளியின் சீரத்தை ஊற்றினால், அதிலுள்ள ஏதேதோ புரதங்கள் அந்த இடங்களில் குடியேறிவிடும். பின்னர் நிறம் உண்டாக்கும் பொருளும் அங்கே ஒட்டி, நோய் இல்லாதவரின் குழியிலும் நிறம் தோன்றும். இதனைத் தவிர்க்க, பரிசோதனையோடு தொடர்பில்லாத ஒரு புரதத்தால் வெற்றிடங்களை முன்னதாகவே நிரப்பிவிடுவர். பாலிலிருந்து கிடைக்கும் கேசீனும், மாட்டின் இரத்தத்திலிருந்து பெறும் அல்புமினும் இதற்குப் பெரிதும் பயன்படுகின்றன. இட்லித் தட்டில் மாவு ஒட்டாதிருக்க எண்ணெய் தடவுகிறோம் அல்லவா, நோக்கம் அதுவே.

இரண்டாம் குறை, நிலை. எதிர்ப்பொருள் எந்தப் பக்கமாகப் பரப்பில் விழும் என்பது நம் கையில் இல்லை. தண்டு கீழேயும் கைகள் மேலேயும் அமைந்தால் அது வேலை செய்யும். கைகள் கீழே ஒட்டிக்கொண்டால் எதையும் பற்ற இயலாது. மேலும், பரப்பைப் பற்றுவதற்காக மடிப்பை அவிழ்த்த புரதம் தன் வடிவத்தையும் ஓரளவு இழக்கிறது. வடிவம் குலைந்தால் பற்றும் திறனும் குலையும். இவ்வாறு ஒட்டவைத்த எதிர்ப்பொருள்களில் ஒரு பகுதி வீணாகவே போகிறது.

எனவே நேராக நெகிழியில் ஒட்டுவதற்கு மாற்றாக, இடையில் ஒரு கொக்கியை வைக்கும் வழிகளைத் தேடினர். அவற்றுள் மிகவும் வெற்றி பெற்றது ஸ்ட்ரெப்டாவிடின், பயோட்டின் என்னும் இணை.

முட்டை வெண்கருவிலிருந்து வந்த கொக்கி

பயோட்டின் என்பது பி வகை வைட்டமின்களுள் ஒன்று. பச்சை முட்டையின் வெண்கருவில் அவிடின் என்னும் புரதம் உண்டு. அது பயோட்டினை விடாப்பிடியாகப் பற்றும். பச்சை வெண்கருவை மட்டும் நெடுநாள் மிகுதியாக உண்டால் பயோட்டின் குறைபாடு ஏற்படக் காரணம் இதுவே. முட்டையை வேகவைத்தால் அவிடின் தன் பிடியை இழக்கிறது. ஸ்ட்ரெப்டாவிடின் என்பது ஒரு வகை மண் நுண்ணுயிரியிலிருந்து கிடைக்கும் இதே போன்ற புரதம். இயற்கையில் வேதிப் பிணைப்பின்றி ஒன்றையொன்று பற்றும் இணைகளில் மிக வலிமையானவற்றுள் இதுவும் ஒன்று. ஒரு ஸ்ட்ரெப்டாவிடின் மூலக்கூறில் பயோட்டின் அமர நான்கு இடங்கள் உள்ளன.

ஆய்வகக் கருவிகளைச் செய்வோர் இதனை அறிவோடு பயன்படுத்தினர். பரப்பின்மேல் ஸ்ட்ரெப்டாவிடினைப் பூசிவிடுவர். எதிர்ப்பொருளின்மேல் ஒரு சிறு பயோட்டினை ஏற்றிவிடுவர். இரண்டும் சந்தித்ததும் எதிர்ப்பொருள் பரப்போடு பூட்டப்படும். நெகிழியை நேராகத் தொட வேண்டியதில்லையாதலால் அதன் வடிவம் குலைவதும் குறைவு. இன்றைய தானியங்கிக் கருவிகளில் தட்டுக்குப் பதிலாக, காந்தத்தால் இழுக்கக்கூடிய நுண்மணிகள் இருக்கும். காந்தம் மணிகளைப் பிடித்து வைக்க, மற்றவை கழுவப்படும். ஒரே பூச்சு பெற்ற மணிகளைக் கொண்டே பற்பல பரிசோதனைகளைச் செய்ய இயலும்.

அந்தச் சகோதரியின் அறிக்கையில் நடந்தது என்ன?

இனி, தொடக்கத்தில் எழுந்த கேள்விக்கு வருவோம்.

வளர்ந்த ஒருவருக்கு நாளொன்றுக்குத் தேவையான பயோட்டின் ஏறத்தாழ 30 மைக்ரோகிராம். அது நம் அன்றாட உணவிலேயே கிடைத்துவிடும். முடிக்காகவும் நகத்திற்காகவும் விற்கப்படும் மாத்திரைகள் பலவற்றில் 5 அல்லது 10 மில்லிகிராம் உள்ளது. 10 மில்லிகிராம் என்பது 10,000 மைக்ரோகிராம். அதாவது, தேவையைப் போல முந்நூறு மடங்குக்கும் மேல். மாத்திரை உண்ட சில மணி நேரத்திற்கு இரத்தத்தில் பயோட்டின் வெள்ளமாக ஓடும்.

அந்த இரத்தம் கருவிக்குள் சென்றால், எதிர்ப்பொருளுக்காக ஒதுக்கிய இடங்களில் இந்தத் தனிப் பயோட்டின் அமர்ந்துவிடும். திருமணப் பந்தியில் விருந்தினருக்கென இட்ட இலைகளில் அழையாதவர் முன்னதாக வந்து அமர்ந்துகொண்டதைப் போன்றது இது. எதிர்ப்பொருள் டி.எஸ்.எச்.-ஐச் சரியாகப் பற்றியே இருக்கும். ஆனால் மணியில் பூட்டிக்கொள்ள இடமில்லாமையால், கழுவும் நீரோடு போய்விடும்.

டி.எஸ்.எச். பரிசோதனையில், பொருள் இரு எதிர்ப்பொருள்களுக்கு இடையே பிடிபடுகிறது. பிடிபட்டது எவ்வளவோ அவ்வளவு ஒளி. ஒளி குறைந்ததும் கருவி, ‘டி.எஸ்.எச். மிகவும் குறைவு’ என்று எழுதுகிறது.

ஃப்ரீ டி4 மிகச் சிறிய மூலக்கூறு. இரு பக்கமும் பிடிக்க அதில் இடமில்லை. ஆகவே அங்கே போட்டி முறையைக் கையாள்கின்றனர். நோயாளியின் டி4, ஆய்வகத்தின் குறியிட்ட டி4-உடன் இடத்திற்குப் போட்டியிடும். நோயாளியின் டி4 மிகுந்தால் ஒளி குறையும். எனவே ஒளி குறைந்ததும் கருவி, ‘டி4 மிகவும் அதிகம்’ என்று எழுதுகிறது.

ஆகவே ஒரே காரணத்தால் ஒன்று பொய்யாகத் தாழ்ந்தது; மற்றொன்று பொய்யாக உயர்ந்தது. இரு பொய்களும் சேர்ந்து, பாடநூலில் உள்ளதைப் போன்ற ஒரு தைராய்டு நோயின் வடிவத்தைப் பெற்றுவிட்டன. ஓர் எண் மட்டும் பிசகியிருந்தால் எவருக்கும் ஐயம் எழுந்திருக்கும். இரண்டும் ஒன்றையொன்று உறுதி செய்வதுபோல் அமைந்ததுதான் இதிலுள்ள ஆபத்து.

அவர் அந்த மாத்திரைகளைத் தொடங்கியிருந்தால் என்ன நேர்ந்திருக்கும்? இந்நோய்க்குத் தரப்படும் கார்பிமசோல் போன்ற மருந்துகள், நலமாக இயங்கும் சுரப்பியை அடக்கிவிடும். அரிதாக, இரத்த வெள்ளணுக்களையும் ஆபத்தான அளவுக்குக் குறைத்துவிடும். நோய் உள்ளவருக்கு இந்த இடரை ஏற்பதில் நியாயம் உண்டு. நோய் இல்லாதவருக்கு அது தேவையற்ற தீங்கு.

இதே வகைப் பிழை இதயப் பரிசோதனையிலும் நேரக்கூடும். மாரடைப்பைக் கண்டறிய உதவும் ட்ரோப்போனின், டி.எஸ்.எச்.-ஐப் போலவே இரு பக்கமும் பிடிக்கப்படும் முறையில் அளக்கப்படுகிறது. ஆகவே பயோட்டின் மிகுந்த இரத்தத்தில் அது பொய்யாகக் குறைந்து, மாரடைப்பு இல்லை என்ற தவறான எண்ணத்தைத் தந்துவிடலாம். அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2017 நவம்பரில் இது குறித்து எச்சரிக்கை வெளியிட்டது. மிகுதியாகப் பயோட்டின் உட்கொண்டிருந்த ஒருவர், ட்ரோப்போனின் தவறாகக் குறைந்து காணப்பட்டதைத் தொடர்ந்து உயிரிழந்ததாக வந்த தகவலையும் அதில் குறிப்பிட்டது. அதன் பின் பல நிறுவனங்கள் தம் பரிசோதனைகளைத் திருத்தி அமைத்துள்ளன. எல்லாக் கருவிகளும் இந்த இணையைப் பயன்படுத்துவதும் இல்லை. ஆயினும் நீங்கள் செல்லும் ஆய்வகத்தில் எந்தக் கருவி என்பது உங்களுக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. ஆகவே சொல்லிவிடுவதே பாதுகாப்பு.

வீட்டில் செய்யும் பட்டைப் பரிசோதனைகள்

கர்ப்பத்தை அறியும் அட்டையும், டெங்கு, மலேரியா போன்றவற்றை விரைவில் கண்டறியும் அட்டைகளும் இதே கொள்கையில் அமைந்தவையே. அவற்றில் நெகிழிக் குழிக்குப் பதிலாக, நைட்ரோசெல்லுலோஸ் என்னும் வெண்ணிறப் படலம் இருக்கிறது. அதன்மேல் இரு மெல்லிய கோடுகளாகப் புரதத்தை ஒட்டவைத்து உலர்த்தியிருப்பர். துளி நீர்மம் படலத்தில் ஊறிச் செல்லும்போது, நிறமேற்றிய எதிர்ப்பொருள்களையும் உடன் இழுத்துச் செல்லும். அவை கோட்டில் பிடிபட்டால் நிறம் தெரியும். பல அட்டைகளில் தெரியும் செந்நிறம், மிக நுண்ணிய தங்கத் துகள்களின் நிறம் என்பது உங்களுக்கு வியப்பாக இருக்கலாம்.

இரண்டு கோடுகளில் ‘சி’ என்று குறித்திருப்பது கட்டுப்பாட்டுக் கோடு. அது நோயைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. அட்டை வேலை செய்தது என்பதை மட்டுமே சொல்கிறது. ‘சி’ கோடு தோன்றவில்லையெனில் அந்த அட்டையின் முடிவை ‘இல்லை’ என்று கொள்ளக்கூடாது. அது செல்லாத பரிசோதனை. புதிய அட்டையில் மீண்டும் செய்ய வேண்டும். வெப்பத்தாலும் ஈரத்தாலும் ஒட்டிய புரதம் கெட்டுப்போகக்கூடும். ஆகவே அட்டைகளை வெயிலில் நிற்கும் வண்டியிலோ அடுப்பருகிலோ வைக்காதீர்கள். உறையைப் பயன்படுத்தும் நேரத்தில் மட்டுமே பிரியுங்கள். குறித்த நேரத்திற்குள் முடிவைப் பாருங்கள். படலம் காய்ந்தபின் தோன்றும் மங்கலான கோட்டை நம்பாதீர்கள்.

ஒரே பரப்பை நம்பாமை

‘முதற்பரிசோதனையில் ஆம் என்று வந்துவிட்டது, பின் எதற்கு மீண்டும் இரத்தம் எடுக்கிறீர்கள்?’ என்று உறவினர்கள் எங்களிடம் கேட்பதுண்டு. இதற்கு விடையாகத் தமிழ்நாட்டில் நடந்த ஒரு நிகழ்ச்சியையே சொல்லலாம்.

1986-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமனின் வழிகாட்டலில், பட்ட மேற்படிப்பு மாணவியாக இருந்த செல்லப்பன் நிர்மலா, எச்.ஐ.வி. தொற்று இங்கு உள்ளதா என்று அறிய இரத்த மாதிரிகளைச் சேகரித்தார். எலிசா செய்ய அவை வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுசெல்லப்பட்டன. ஆறு மாதிரிகளில் நிறம் தோன்றியது. இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலாகக் கண்டறியப்பட்ட தருணம் அது. ஆனால் அவர்கள் உடனே அதை முடிவாகக் கொள்ளவில்லை. மீண்டும் இரத்தம் எடுத்து, அமெரிக்காவுக்கு அனுப்பி, வெஸ்டர்ன் பிளாட் என்னும் வேறு முறையில் உறுதி செய்தனர். அம்முறையில் கிருமியின் புரதங்களை அளவுவாரியாகப் பிரித்து, ஒரு படலத்தின்மேல் தனித்தனிக் கோடுகளாக ஒட்டவைப்பர். குழியில் எல்லாம் கலந்து ஒட்டியிருக்கும் இடத்தில் தவறாகப் பற்றும் எதிர்ப்பொருள், இங்கே எந்தப் புரதத்தைப் பற்றுகிறது என்று தெளிவாகத் தெரிந்துவிடும்.

இன்றும் நம் நாட்டின் எச்.ஐ.வி. ஆலோசனை மற்றும் பரிசோதனை மையங்களில், முதற்பரிசோதனையில் மட்டும் ‘ஆம்’ என வந்தால் அதை நோய் என்று அறிவிப்பதில்லை. வெவ்வேறு ஆன்டிஜெனையோ வெவ்வேறு செய்முறையையோ கொண்ட மூன்று பரிசோதனைகளும் ஒத்து வந்தால்தான் உறுதி செய்வர். ஒரு பரப்பில் நேரும் பிழை, வேறொரு வகையில் அமைந்த பரப்பிலும் அப்படியே நேர்வது அரிது. ஆகவே, மறு பரிசோதனை என்றதும் ‘எதையோ மறைக்கிறார்கள்’ என்று அஞ்ச வேண்டாம். ஒருவரின் வாழ்க்கையை மாற்றக்கூடிய சொல்லைச் சொல்லுமுன், அது உண்மைதானா என்று எங்களை நாங்களே கேட்டுக்கொள்ளும் முறை அது.

நீங்கள் நினைவில் கொள்ள வேண்டியவை

1. இரத்தப் பரிசோதனைக்கு முன், நீங்கள் உட்கொள்ளும் எல்லாவற்றையும் சொல்லுங்கள். வைட்டமின், முடிக்கான மாத்திரை, சத்து மாவு, நாட்டு மருந்து ஆகியவற்றையும் சேர்த்தே சொல்லுங்கள். புட்டியையோ அதன் படத்தையோ கொண்டுவருவது இன்னும் நல்லது.

2. முடி, நகம், தோல் ஆகியவற்றிற்கான மாத்திரைகளின் உறையில் ‘பயோட்டின்’, ‘வைட்டமின் பி7’, ‘வைட்டமின் எச்’ என்று இருக்கிறதா என்று பாருங்கள். மூன்றும் ஒன்றே.

3. தைராய்டு பரிசோதனைக்குக் குறைந்தது 2 நாட்களுக்கு முன் பயோட்டினை நிறுத்துமாறு அமெரிக்கத் தைராய்டு சங்கம் பரிந்துரைக்கிறது. சிறுநீரகப் பாதிப்பு உள்ளவர்களுக்கும், மிகுந்த அளவில் உட்கொள்பவர்களுக்கும் இன்னும் நெடுநேரம் தேவைப்படலாம். அவர்கள் மருத்துவரைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

4. பிறவி வளர்சிதை மாற்றக் குறைபாட்டிற்காகச் சில குழந்தைகளுக்குப் பயோட்டின் மருந்தாகவே தரப்படுகிறது. பெற்றோர் அதனை ஒருபோதும் தாமாக நிறுத்தக்கூடாது. பரிசோதனைக்கு முன் மருத்துவரிடம் தெரிவித்தால் போதும்.

5. நெஞ்சுவலி போன்ற அவசர நேரத்தில் காத்திருக்க வேண்டாம். உடனே மருத்துவமனைக்கு வாருங்கள். பயோட்டின் உட்கொண்டிருந்தால், வந்த உடனே அதைச் சொல்லுங்கள். நோயாளியால் பேச இயலாவிடில் உடன் வந்தவர் சொல்ல வேண்டும்.

6. அறிக்கையில் உள்ள எண்ணும் உங்கள் உடல்நிலையும் பொருந்தவில்லை என்று தோன்றினால் தயங்காமல் கேளுங்கள். ‘எனக்கு இந்த அறிகுறி எதுவுமே இல்லையே, டாக்டர்’ என்ற ஒரு வாக்கியம் எங்களுக்குப் பெரும் உதவி.

7. அறிக்கையில் ஓர் எண் தவறாக இருந்ததாகக் கேள்விப்பட்டு, எல்லாப் பரிசோதனைகளையும் ஐயுற வேண்டாம். நாள்தோறும் செய்யப்படும் இப்பரிசோதனைகளில் மிகப் பெரும்பாலானவை சரியாகவே அமைகின்றன. நாங்கள் கேட்பது, அறிக்கையை நோயாளியோடு சேர்த்துப் படிக்க உதவுங்கள் என்பதே.

தொடக்கத்தில் சொன்ன அந்தச் சகோதரி இப்போது நலமாக இருக்கிறார். முடி உதிர்வுக்கான காரணத்தைத் தேடியபோது அவருக்கு இரத்தச் சோகையும் இரும்புச்சத்துக் குறைபாடும் இருப்பது தெரிந்தது. அதற்குச் சிகிச்சை நடைபெறுகிறது. இல்லாத நோய்க்கு மருந்து தொடங்கியிருந்தால், இருக்கும் குறையை நாங்கள் அன்று தேடியிருக்கவே மாட்டோம். கணவர் நினைவுபடுத்திய ஒரு சிறு செய்திதான் எல்லாவற்றையும் மாற்றியது. அடுத்த முறை எங்களிடம் வரும்போது, வீட்டில் அலமாரியில் உள்ள புட்டிகளை ஒருமுறை பார்த்துவிட்டு வாருங்கள்.